பட்டம் துறந்த பெருமக்கள்: அடிமைத்தளையை மறுத்த ஓர் அறப்போர்

(தமிழர் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அந்நிய ஆட்சியை எதிர்த்து அது அளித்த பட்டத்தைத் துறந்தவர் யார் எனப் பள்ளி மாணவரிடம் வினவினால், வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் என்ற விடை உடனே வரும். அது சரியான விடையே. 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின்னர் அவர் தமது 'சர்' பட்டத்தைத் துறந்தார். ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1918ஆம் ஆண்டில், மதுரையில் பிறந்த தமிழர் ஒருவர் அதே செயலைச் செய்து முடித்திருந்தார் என்பது தமிழர்களிலேயே பலரும் அறியாத செய்தியாகும். அவர்தான் 'மணி ஐயர்' என அக்காலத்து மக்களால் அழைக்கப்பட்ட எஸ். சுப்பிரமணிய ஐயர். அவர் எதற்காகப் பட்டத்தைத் துறந்தார் என்பது, பிற நாடுகளில் வாழ்ந்துகொண்டு உலகத் தலைவர்களின் கதவுகளைத் தட்டிவரும் இன்றைய தமிழர்களுக்கு மிகவும் நெருக்கமான வரலாறு ஆகும்.

பட்டம் என்னும் பொற்சங்கிலி

பட்டம் துறந்தவர்களின் பெருமையை உணர வேண்டுமாயின், பட்டம் என்பது அன்று எவ்வாறு இயங்கியது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின்னர், இந்திய ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து பிரித்தானிய முடியின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது. பரந்த ஒரு நாட்டைச் சில ஆயிரம் ஆங்கில அதிகாரிகளைக் கொண்டு படைவலிமையால் மட்டும் ஆள இயலாது என்பதை ஆட்சியாளர் நன்கு உணர்ந்திருந்தனர். உள்நாட்டில் செல்வாக்குடையோரை ஆட்சியின் பக்கம் பிணைத்து வைப்பது இன்றியமையாததாயிற்று. 1861இல் 'இந்திய நட்சத்திரம்' என்னும் விருது வரிசையும், 1878இல் 'இந்தியப் பேரரசு' என்னும் விருது வரிசையும், 1900இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கமும் இதன் பொருட்டே உருவாக்கப்பட்டன. இவற்றுக்குக் கீழே திவான் பகதூர், ராவ் பகதூர், ராய் பகதூர், கான் பகதூர் எனப் படிப்படியாகப் பட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன.

பட்டம் பெற்றவருக்கு அரசவையில் தனி இருக்கை கிடைத்தது. மாவட்ட ஆட்சியரின் வரவேற்பில் முன்னிடம் கிடைத்தது. ஊரில் மதிப்பு உயர்ந்தது. இதற்கு ஈடாக அவரிடமிருந்து எழுத்தில் எந்த உறுதிமொழியும் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. ராவ் பகதூர் திவான் பகதூராக விரும்பினார்; திவான் பகதூர் 'சர்' ஆக விரும்பினார். அடுத்த படியை நோக்கிய இந்த விருப்பமே அவரது நாவைக் கட்டிப்போடப் போதுமானதாக இருந்தது.

பட்டம் பெற்றோர் அனைவரும் தன்னலவாதிகள் என்று கூறுவது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. அவர்களுள் சிறந்த நீதிபதிகளும் கல்வியாளர்களும் மருத்துவர்களும் இருந்தனர். தகுதியால் பெற்ற பெருமையைத் தகுதியற்ற ஓர் ஆட்சியின் கையிலிருந்து பெற வேண்டியிருந்ததே அவர்களுக்கு நேர்ந்த அவலம் எனலாம்.

மதுரையிலிருந்து ஒரு குரல்

சுப்பிரமணிய ஐயர் 1842ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுரையில் பிறந்தார். வழக்கறிஞராகப் புகழ் பெற்ற அவர், 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர். 1895இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தார். தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். திவான் பகதூர் பட்டத்தையும், 'சர்' என்னும் அடைமொழிக்கு உரிமை தரும் கே.சி.ஐ.இ. பட்டத்தையும் அரசு அவருக்கு வழங்கியிருந்தது. 1907இல் பணி ஓய்வு பெற்றார். எஞ்சிய காலத்தை அமைதியாகக் கழிக்கத் தேவையான அனைத்தும் அவரிடம் இருந்தன.

ஆயினும் அவர் அமைதியாக இருக்கவில்லை. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தன்னாட்சிக் கழகத்தை, அதாவது ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது, அதன் மதிப்புறு தலைவர் பொறுப்பை ஐயர் ஏற்றார். 1917ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு, பெசன்ட் அம்மையாரையும் அவருடைய தோழர்களான அருண்டேல், வாடியா ஆகியோரையும் காவலில் வைத்தது. நீதிமன்ற விசாரணை ஏதும் நடைபெறவில்லை. வாழ்நாளெல்லாம் நீதிமன்றத்தில் கழித்த ஒருவருக்கு இது எத்தகைய அதிர்ச்சியை அளித்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கியிருந்தது. மக்களாட்சியைக் காக்கவே போரிடுகிறோம் என்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் உலகறியக் கூறியிருந்தார். இச்சொல்லைச் சுப்பிரமணிய ஐயர் அப்படியே எடுத்துக்கொண்டார். 1917 ஜூன் 24ஆம் நாளிட்ட கடிதம் ஒன்றை வில்சனுக்கு எழுதினார். இந்தியா ஓர் அடிமை நாடாகவே வைக்கப்பட்டிருக்கிறது, அந்நிய அதிகாரிகள் தமக்குத் தாமே பெருஞ்சம்பளம் வகுத்துக்கொள்கின்றனர், மக்களுக்குக் கல்வி மறுக்கப்படுகிறது, ஒப்புதல் பெறாமலே வரிகள் சுமத்தப்படுகின்றன, நாட்டுப்பற்றை வெளியிட்டோர் சிறையில் அடைக்கப்படுகின்றனர் என்னும் பொருளில் அக்கடிதம் அமைந்திருந்தது. இந்தியாவுக்குத் தன்னாட்சி உறுதியளிக்கப்பட்டால், நேச நாடுகளின் போருக்கு இந்தியர் பெருந்திரளாகத் துணை நிற்பர் என்றும் அவர் எழுதியிருந்தார்.

அஞ்சலில் அனுப்பினால் தணிக்கையில் சிக்கிவிடும் என்பதால், அமெரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹாட்ச்னர் என்னும் பிரம்மஞான சங்கத் தம்பதியரிடம் கடிதம் கொடுத்தனுப்பப்பட்டது. கடல் கடந்து சென்ற அக்கடிதம் வாஷிங்டனை அடைந்தது.

இங்கு ஒரு தற்செயல் நிகழ்வைச் சுட்டுதல் பொருத்தமாகும். இன்றும் பிரித்தானியாவில் ஆண்டுதோறும் வழங்கப்பட்டுவரும் 'பிரித்தானியப் பேரரசு' விருது வரிசையை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உருவாக்கியது 1917 ஜூன் 4ஆம் நாள். பேரரசு தனது புதிய பதக்கத்தை வார்த்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், அப்பேரரசின் பழைய பதக்கத்தை அணிந்திருந்த ஒரு முதியவர் அதன் முறைகேடுகளை உலகுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

கண்டனமும் மறுமொழியும்

1917 டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவும் வைசிராய் செம்ஸ்ஃபோர்டும் சென்னைக்கு வந்தனர். அரசியல் சீர்திருத்தம் குறித்துக் கருத்துக் கேட்பதே அவர்களது பயணத்தின் நோக்கம். தம்மைச் சந்திக்க வந்த சுப்பிரமணிய ஐயரை வைசிராய் அக்கடிதத்துக்காக நேரிலேயே கடிந்துகொண்டார். 1918இல் இச்செய்தி பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் எழுந்தது. அக்கடிதம் இழிவானது என்றும், அதை எழுதியவர் வகித்த நிலையைக் கருதும்போது அது மேலும் மன்னிக்க முடியாததாகிறது என்றும் அமைச்சர் மாண்டேகு கண்டித்தார்.

இந்தக் கண்டனத்தை ஊன்றி நோக்க வேண்டும். கடிதத்தில் கூறப்பட்டவை உண்மையா பொய்யா என்பது அங்கு முதன்மையாகக் கருதப்படவில்லை. பட்டமும் பதவியும் பெற்ற ஒருவர் இவ்வாறு எழுதலாமா என்பதே குற்றச்சாட்டின் சாரமாக இருந்தது. அதாவது, பட்டத்துக்கு ஈடாக வாய்மூடி இருத்தல் வேண்டும் என்று எங்கும் எழுதப்படாதிருந்த ஒப்பந்தம், முதன்முறையாக வெளிப்படையாக நினைவூட்டப்பட்டது.

அந்த ஒப்பந்தத்தைச் சுப்பிரமணிய ஐயர் முறித்தார். கே.சி.ஐ.இ., திவான் பகதூர் ஆகிய இரு பட்டங்களையும் துறந்தார். அப்போது அவருக்கு வயது 75. மன்னிப்புக் கோரியிருந்தால் அனைத்தும் மறக்கப்பட்டிருக்கும். முதுமையைக் காரணம் காட்டி ஒதுங்கியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ கடிதத்தை வைத்துக்கொண்டு பட்டத்தை விட்டார். 1924 டிசம்பரில் மறையும்வரை அம்முடிவிலிருந்து மாறவில்லை.

இத்தருணத்தில் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூற வேண்டியது கடமையாகும். அன்றைய சென்னை மாகாணத்தில் ஹோம் ரூல் இயக்கத்தைத் தமிழர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1916இல் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், பின்னாளில் நீதிக்கட்சி எனப் பெயர் பெற்ற அமைப்பு, அவ்வியக்கத்தைக் கடுமையாக எதிர்த்தது. சாதி அடிப்படையில் கல்வியும் பதவியும் ஒரு சாராரிடமே குவிந்திருக்கும்போது, தன்னாட்சி அச்சாராரின் ஆட்சியாகவே முடியும் என்பது அதன் அச்சம். அவ்வச்சத்துக்கு வலுவான காரணங்கள் இருந்தன. எனினும், ஒருவர் சார்ந்திருந்த இயக்கத்தின் குறைகளைச் சுட்டுவது வேறு. உண்மை கூறியதற்கு விலை கேட்கப்பட்டபோது அவர் அவ்விலையைத் தயங்காமல் கொடுத்தார் என்பதை ஏற்பது வேறு. இரண்டையும் ஒருங்கே கூறுவதே நேர்மையான வரலாறு.

தாகூரும் சங்கரன் நாயரும்

1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயரின் படையினர் 1650 முறை சுட்டனர். இறந்தோர் 379 பேர் என்பது அரசின் கணக்கு. காங்கிரசின் விசாரணையோ ஆயிரத்தையொட்டிய எண்ணிக்கையைக் கூறியது. பஞ்சாபில் இராணுவச் சட்டம் நிலவியதாலும் செய்தித் தணிக்கையாலும் உண்மை மெல்ல மெல்லவே வெளிவந்தது.

செய்தி அறிந்த தாகூர் உடனே பட்டத்தைத் துறந்துவிடவில்லை. காந்தியடிகளுடன் பஞ்சாபுக்குள் நுழைய விரும்பினார், அக்கருத்து ஏற்கப்படவில்லை. கல்கத்தாவில் கண்டனக் கூட்டம் நடத்தத் தலைவர்களை அணுகினார், அதுவும் கைகூடவில்லை. எல்லாக் கதவுகளும் அடைபட்ட பின்னரே, மே மாத இறுதியில் ஓர் இரவில் வைசிராய்க்குக் கடிதம் எழுதி, 1915இல் தமக்கு வழங்கப்பட்ட 'சர்' பட்டத்திலிருந்து தம்மை விடுவிக்குமாறு கேட்டுக்கொண்டார். தம் நாட்டு மக்கள் மனிதராகவே மதிக்கப்படாத வேளையில் தனிப்பெருமைச் சின்னங்கள் இழுக்கையே எடுத்துக்காட்டுகின்றன என்பதும், அவற்றைக் களைந்துவிட்டு அம்மக்களின் பக்கத்தில் நிற்கவே விரும்புவதாகவும் எழுதியதே அக்கடிதத்தின் உட்பொருள். அஞ்சி ஒடுங்கியிருந்த ஒரு நாட்டுக்கு அக்கடிதம் மீண்டும் பேச்சைத் தந்தது.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொருவர் எழுந்தார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் சி. சங்கரன் நாயர், அப்போது வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராக இருந்தார். ஓர் இந்தியர் அன்று எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அதுவும் ஒன்று. பஞ்சாப் கொடுமைகளைக் கண்டித்து அவர் அப்பதவியிலிருந்து விலகினார். பின்னர் பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் ஓட்வயர் அவர்மீது இலண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1924இல் தீர்ப்பு நாயருக்கு எதிராக அமைந்து, 500 பவுண்டு இழப்பீடு விதிக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்டால் வழக்கின் சுமையிலிருந்து விடுபடலாம் என்ற நிலையிலும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாயர் பட்டத்தை விடவில்லை; பதவியை விட்டார். காந்தியடிகளின் ஒத்துழையாமையையும் அவர் ஏற்றவரல்லர். ஆயினும் அவர் இழந்தது சிறிதன்று. எதிர்ப்புக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு என்பாருக்கு அவரது வாழ்வு தக்க விடையாகும்.

தனிமனிதச் செயல் இயக்கமாக மாறியபோது

1920ஆம் ஆண்டில் நிலைமை மேலும் கசப்புற்றது. டயருக்கு ஆதரவாக ஜூலை மாதத்தில் பிரபுக்கள் சபை தீர்மானம் நிறைவேற்றியது. இலண்டன் நாளேடு ஒன்று அவருக்காகத் திரட்டிய நிதி 26,000 பவுண்டைத் தாண்டியது. பேரரசு யாரைப் பெருமைப்படுத்துகிறது என்பது இந்தியருக்குத் தெளிவாயிற்று.

1920 ஆகஸ்ட் 1ஆம் நாள் காந்தியடிகள் தமது மூன்று பதக்கங்களை வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார். தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய பொதுநலப் பணிக்காக வழங்கப்பட்ட கைசர்-இ-ஹிந்த் தங்கப்பதக்கமும், போயர் போரிலும் சூலு போரிலும் காயமுற்றோரைச் சுமந்த தொண்டுக்காக வழங்கப்பட்ட பதக்கங்களும் அவை. அவை உண்மையான உழைப்புக்குக் கிடைத்தவை. உயிர் காத்த பணிக்குக் கிடைத்தவை. அதனாலேயே அவற்றைத் திருப்பித் தருவது அவருக்கு வேதனை அளித்தது. எனினும் கிலாபத், பஞ்சாப் ஆகிய இரு அநீதிகளும் களையப்படாதவரை அவற்றை மனச்சான்று உறுத்தாமல் அணிய இயலாது என்று அவர் தெரிவித்தார்.

அவ்வாண்டு காங்கிரஸ் ஏற்ற ஒத்துழையாமைத் திட்டத்தில் பட்டங்களையும் மதிப்புறு பதவிகளையும் துறப்பது முன்னணியில் வைக்கப்பட்டது. மருத்துவப் பேரறிஞர் ஹக்கீம் அஜ்மல் கான் தம் பட்டத்தைத் துறந்தார். ஜம்னாலால் பஜாஜ் ராய் பகதூர் பட்டத்தைத் துறந்தார். தமிழகத்தில் ஈ.வெ. இராமசாமி, ஈரோடு நகராட்சித் தலைவர் பதவி உள்ளிட்ட பல பொதுப்பதவிகளை உதறிவிட்டுப் பொதுவாழ்வில் முழுமையாக இறங்கினார்.

ஆனால் உண்மையை உள்ளவாறே கூறவேண்டும். பட்டம் பெற்றிருந்த ஆயிரக்கணக்கானோருள் அவற்றைத் துறந்தோர் மிகச் சிலரே. வழக்கறிஞர்கள் தொழிலை விட்டனர், மாணவர்கள் கல்லூரியை விட்டனர், ஏழை எளியோர் சிறை சென்றனர். இழப்பதற்குச் சிறிதே உடையோர் அனைத்தையும் இழக்க முன்வந்தபோது, பட்டத்தை மட்டும் இழக்க வேண்டியிருந்தோர் பெரும்பாலும் தயங்கினர்.

துறவுக்கு மதிப்பளிப்பது எது?

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, இழப்பு உண்மையானதாக இருக்க வேண்டும். மதிக்காத ஒன்றைத் துறப்பது துறவாகாது. நீதிமன்றத்தில் நெடுங்காலம் உழைத்துப் பெற்ற மதிப்பைச் சுப்பிரமணிய ஐயரும், தொண்டால் பெற்ற பதக்கங்களைக் காந்தியடிகளும் துறந்ததாலேயே அச்செயல்களுக்கு எடை கூடியது.

இரண்டாவது, காரணம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்பட வேண்டும். தாகூரின் கடிதம் எவரையும் வசைபாடவில்லை. நடந்தது என்ன, ஏன் இம்முடிவு என்பதை எவரும் மறுக்க இயலாதவாறு அது எடுத்துரைத்தது.

மூன்றாவது, துறவு ஒரு பணியின் முடிவன்று. ஐயருக்குக் கடிதமே முதற்பணி. பட்டத்தை விட்டது அப்பணியைக் காப்பதற்காக. தாகூர் எல்லா வழிகளையும் முயன்ற பின்னரே இவ்வழிக்கு வந்தார். வேறெதையும் செய்யாமல் பதக்கத்தை மட்டும் திருப்பித் தருவது ஒருநாள் செய்தியாகி மறையும்.

விடுதலைக்குப் பின்னர் இந்திய அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. அரசு தரும் பட்டம் குடிமகனின் தலைக்கு மேல் தொங்கும் கயிறாகிவிடக்கூடாது என்ற பட்டறிவே அப்பிரிவின் பின்னே நிற்கிறது எனலாம்.

இன்றைய தமிழரும் இவ்வரலாறும்

2003ஆம் ஆண்டு நவம்பரில், கரீபியப் பெற்றோருக்குப் பிரித்தானியாவில் பிறந்த கவிஞர் பெஞ்சமின் செஃபானையா தமக்கு அறிவிக்கப்பட்ட ஓ.பி.இ. விருதை ஏற்க மறுத்தார். அவ்விருதின் பெயரிலேயே உள்ள 'பேரரசு' என்னும் சொல், தம் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டதை நினைவூட்டுகிறது என்பது அவர் கூறிய காரணம். அவர் 2023இல் மறைந்தார். 1917இல் உருவான விருது வரிசை, 86 ஆண்டுகள் கழித்தும் அதே வினாவைச் சந்தித்தது.

இன்று தமிழர் பல நாடுகளில் மருத்துவராகவும் பொறியாளராகவும் அறிவியலாளராகவும் உயர்ந்து நிற்கின்றனர். வாழும் நாடுகளின் அரசுகள் அவர்களுக்கு விருதுகள் அளிப்பது மகிழ்ச்சிக்குரியது. வாக்களிக்கும் உரிமை பெற்ற குடிமக்களாக அவர்கள் பெறும் பெருமையை அடிமை நாட்டில் வழங்கப்பட்ட பட்டத்தோடு சமன்படுத்துவது பிழையாகும். விருது பெற்றோரைத் துரோகிகள் எனத் தூற்றுவதும் அறமாகாது.

ஆனால் ஒரு வினா அனைவர் முன்னும் நிற்கிறது. தம் மக்களுக்கு அநீதி நேர்கையில், பெற்ற பெருமை ஒருவரது குரலை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா? அமைச்சருடன் எடுத்த நிழற்படம் கூடத்தின் சுவரில் இருப்பதில் தவறில்லை. அந்த நிழற்படத்தின் பொருட்டு, எழுதவேண்டிய கடிதம் ஒன்று எழுதப்படாமல் போனால், அங்கேதான் பழைய திவான் பகதூர்களின் நோய் மீண்டும் தொடங்குகிறது.

வாஷிங்டனுக்கும் இலண்டனுக்கும் ஜெனிவாவுக்கும் தமிழர் இன்று மனுக்களை அனுப்புகின்றனர். பல மனுக்களுக்கு விடை வருவதில்லை. சோர்வு தோன்றுவது இயல்பு. 1917இல் சென்னையிலிருந்து கப்பலேறிச் சென்ற கடிதமும் எழுதியவர் கேட்டதைப் பெற்றுத் தரவில்லை. அவருக்குக் கிடைத்தது கண்டனம் மட்டுமே. ஆனால் ஓர் ஆட்சி தன் முறைகேட்டை உலகம் அறியக்கூடாது என எவ்வளவு அஞ்சுகிறது என்பதை அக்கண்டனமே வெளிப்படுத்தியது. இந்தியா விடுதலை பெற்றபோது அவர் உயிருடன் இல்லை. எனினும் அவ்விடுதலைக்கு இட்ட பல கற்களுள் அக்கடிதமும் ஒன்று.

வள்ளுவப் பெருந்தகை 'மானம்' எனத் தனி அதிகாரமே வகுத்தார். மானம் என்பது பிறர் சூட்டும் பெருமையன்று. தேவைப்படும்போது அப்பெருமையைக் கழற்றி வைக்கும் துணிவு என்பதைச் சுப்பிரமணிய ஐயர் தம் 75ஆம் வயதில் செய்துகாட்டினார். தாகூரைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தமிழ்ப் பெற்றோரும், வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும், இனி அந்த மதுரைத் தமிழரின் பெயரையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.